அலமாரியில் ஒரு ஏர்பேக்

தம்பி,

இன்று காலை உன் காரை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வருடமாக அது நின்ற இடத்தில் போர்ச்சில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். லோரிக்காரர் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "ஏர்பேக் எங்க ஆன்டி?" என்று கேட்டார். கொண்டுவந்து காட்டினேன். இரண்டடி பின்னால் போனார். "அது வேணாம் லா. வழியில வெடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். கார் போய்விட்டது, அது மட்டும் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிட்டது. அதன் ரப்பர் வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை.

ஹார்ன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கு அணையவில்லை என்று தொடங்கிய கதை. ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுந்திருக்க வேண்டும் என்று நீயே கண்டுபிடித்தாய். சுங்கை வேயில் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்த்தே வயதானவன் நீ. பட்டறைக்காரர், "ஒயர வெட்டி விட்டுடலாம் பாஸ், லைட்டும் எரியாது" என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாய். ஹார்ன் இல்லாமல் ஓட்டவும் உனக்கு மனம் வரவில்லை. வாரம் மூன்று முறை பங்சாருக்கு டயாலிசிஸுக்கு நீயேதான் ஓட்டிப் போய் வந்துகொண்டிருந்தாய். நான் டாக்சி பிடிக்கலாம் என்று சொன்னபோது, "உள்ள போனா எல்லாம் அவங்க கைல. போறது வர்றதாவது என் கைல இருக்கட்டும்கா" என்றாய்.

கேபிளை எட்ட வேண்டுமானால் முதலில் ஏர்பேக்கை எடுக்க வேண்டும், அதை வீட்டிலேயே கழற்றப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் எதிர்த்தேன். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். அந்தப் பையை ஒரு நொடிக்குள் ஊத வைக்கும் உப்பின் பெயர் எனக்குத் தெரியும். பெயர் தெரிந்ததால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. என் சிறுநீரகம் உனக்குப் பொருந்தாது என்று அதற்கு முந்தின மாதம்தான் சொல்லியிருந்தார்கள். உனக்காக வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போர்ச்சில் நாற்காலி போட்டு, நீ நகலெடுத்து வைத்திருந்த கையேட்டை உரக்கப் படிக்க உட்கார்ந்தேன்.

"சாவிய எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு டீச்சர்."

"சக்கரம் நேரா இருக்கணுமாம்."

"இருக்கு டீச்சர். அடுத்து?"

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினாய், பிறகு மற்றதை. இரண்டுக்கும் டேப் சுற்றினாய். சில நிமிடங்கள் காத்திருக்கச் சொன்னது கையேடு. நீ அரை மணி நேரம் என்றாய். "பேட்டரிய எடுத்த உடனே எல்லாம் போயிடாதுக்கா. உள்ள கொஞ்சம் கரண்ட் நிக்கும். அது தானா இறங்கணும்."

அந்த அரை மணி நேரத்தில் இரண்டு ரயில்கள் பிரிக்ஃபீல்ட்ஸைக் கடந்து போயின. நான் கலக்கிய காப்பியில் இரண்டு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளினாய். டாக்டர் குடிக்கலாம் என்று சொன்னதில் உனக்கு அன்றைக்கு மிச்சமிருந்த அளவு அவ்வளவுதான்.

"பயமா இருக்காக்கா?"

"ம்."

"எனக்கும்தான்."

எதை நினைத்து என்று நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

ஸ்டியரிங்கின் பின்பக்கம் இரண்டு திருகாணிகள். வலப்பக்கத்தது உடனே கழன்றது. இடப்பக்கத்தது அசையவில்லை. டயாலிசிஸ் ஊசி போடும் இடது கையால் நீ எதையும் அழுத்தக் கூடாது. வலது கையும் களைத்துவிட்டது. மூன்றாவது முறை கருவி வழுக்கியபோது, உன்னைக் கேட்காமலே அதை உன் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு அது கழன்றது. நீ என் கையைப் பார்த்தாய். "நல்ல கைக்கா" என்றாய், மிக மெதுவாக. இன்னும் இரண்டு நிமிடம் நான் பொறுத்திருந்தால் உன்னால் முடிந்திருக்குமா? பலமுறை யோசித்துவிட்டேன். தெரியவில்லை.

மஞ்சள் நிற இணைப்பை நீயே விடுவித்தாய். ஏர்பேக்கை நெஞ்சுக்கு எதிரே இல்லாமல், மூடிப் பக்கம் வெளியே பார்க்கும்படி ஏந்திக்கொண்டு நடந்தாய். "மூஞ்சி நம்ம பக்கம் இருக்கக் கூடாது. வெச்சா மேல பாக்கணும். மேல எதையும் வெச்சிடாத. கவுத்து வெச்சே, ராக்கெட்டு மாதிரி வீட்டுக் கூரைய பாத்துட்டு வரும்." அன்று நாம் சிரித்தது அப்போதுதான்.

பழைய ஜப்பான் கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும், மேரு ஊரிலுள்ள கடையில் கேபிள் சொல்லி வைத்தாய். இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை டாக்சி. பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போவாய். இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மருத்துவமனையில் உன் இயந்திரத்தை நிறுத்தியபோது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது.

கருமாதி முடிந்த மறுநாள் தொலைபேசி அடித்தது.

"மேருலேருந்து பேசுறேன். அண்ணே இருக்காரா? கேபிள் வந்திருச்சு, வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"சொல்லிடுறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்த ஏர்பேக்கை யாரிடம் கொடுப்பதென்று இன்றுவரை தெரியவில்லை. பட்டறையில் கேட்டபோதெல்லாம், காரோடு கொண்டுவரச் சொன்னார்கள். குப்பையில் போட முடியாது. உள்ளே இருக்கும் வெடிமருந்து எத்தனை வருடத்தில் கெடும் என்று தேடிப் பார்த்தேன். உறுதியான பதில் கிடைக்கவில்லை. இன்றும் நீ சொன்னபடிதான் ஏந்திக்கொண்டு போனேன், அதன் முகம் வெளியே பார்த்தபடி. அலமாரியில் முகம் மேலே இருக்க வைத்தேன். என் வீட்டில் மற்ற தட்டுகளெல்லாம் புத்தகங்களும் பழைய விடைத்தாள்களுமாக அடைந்து கிடக்கின்றன. அதற்கு மேலே மட்டும் எதுவும் இல்லை.

தம்பி, மேருவிலிருந்து கூப்பிட்டார்கள். கேபிள் வந்துவிட்டதாம்.