மாப்பிள்ளைக்கு மட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். நீங்களும் மகளும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம். நீங்கள் மட்டும் படியுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் விந்தில் ரத்தம் கண்டேன். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வேலையில் லிஃப்ட் மோட்டாரைத் தூக்கியதில் உள்ளே ஏதோ பிசகியிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுபடியும் வந்தது. புற்றுநோய்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். இடுப்பு வலி என்று பொய் சொல்லி, தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் படுக்கப் போய்விட்டேன்.

உங்கள் அத்தை விடுவாளா? "என்மேல என்ன கோபம்? நான் என்ன பண்ணேன்?" என்று ஒருநாள் சமையல்கட்டில் நின்று அழுதுவிட்டாள். அப்புறம்தான் வாய் திறந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க? சட்டையப் போடுங்க, கிளம்பலாம்" என்றாள்.

டாக்டருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அத்தைதான் எல்லாம் சொன்னாள். அவர் முகம் சுளிக்கவில்லை. புராஸ்டேட் சுரப்பியிலோ விந்துப்பையிலோ வீக்கம், கிருமித் தொற்று, இவைதான் அதிகம் என்றார். கல் இருந்தாலும், அடிபட்டாலும், ரத்தக் கொதிப்பு ஏறினாலும்கூட வருமாம். சின்ன வயசுக்காரர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுமாம். "நாற்பது தாண்டிட்டா சோதிச்சுப் பாத்துடணும். புற்றுநோய் அபூர்வம்தான், ஆனா இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்" என்றார்.

சிறுநீரில் கிருமி இருந்தது. மாத்திரை சாப்பிட்டு முடித்தேன். இப்போது ரத்தம் இல்லை. கொதிப்பும் இருக்கிறது என்று உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். உங்கள் அத்தைக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். கூடத்திலிருந்து மட்டும் எங்கள் அறைக்கே படுக்கத் திரும்பிவிட்டேன்.

ஒன்று பாக்கி. புராஸ்டேட்டுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் கூடுதல். தொற்று இருந்தால் அப்படிக் காட்டுமாம், இறங்கிவிடும் என்கிறார். அடுத்த மாதம் மறுபடி எடுக்க வேண்டும். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உங்கள் அத்தையும் தைரியமாகத்தான் பேசுகிறாள். ஆனால் நான் வெளியே போனதும் அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். லீவு கிடைத்தால், சும்மா எங்களைப் பார்க்க வந்த மாதிரி அடுத்த மாதம் இருவரும் வாருங்கள். ரிசல்ட் வாங்கப் போகும்போது நீங்கள் கூட வந்தால் போதும். எதுவும் பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

இருவரும் நீண்ட காலம் சௌக்கியமாக இருங்கள்.

உங்கள் மாமா