நெட்டின் மேல் பழி

செவ்வாய், இரவு.

கராச்சர்மா ஊரின் மெடிக்கல் லேபில் புது சர்வர் சாஃப்ட்வேர் ஏறவே இல்லை. இந்த பிராசஸருக்கு ஒத்துவராது என்று முதல் தடவையே திரையில் வந்தது. நான் படித்தால்தானே! இந்தத் தீவில் எது நின்றாலும் நெட்டைத் திட்டியே பழக்கம். ஃபைல் பாதியில் அறுந்திருக்கும் என்று மறுபடி மறுபடி டவுன்லோட் செய்து பகலைத் தொலைத்தேன். ஃபைலில் ஒரு குறையும் இல்லை. மெஷின்தான் கிழடு.

மெஷின் கிழடு என்று சொன்னதும் லேப் நடத்தும் ஜோசப் அண்ணன் பதறவில்லை. "புது மெஷின் மெயின்லேண்ட்லேருந்து ஷிப்லதான் வரணும். அதுவரைக்கும் பழசையே ஓட்டு தம்பி, சலேகா, அது போதும். காலைல ரிப்போர்ட்டுக்கு ஆளுங்க வந்து நிப்பாங்க."

அந்தப் பழைய சாஃப்ட்வேரைத்தான் காலையிலேயே அழித்துவிட்டேனே.

"நெட் சரியில்லண்ணே, காலைல ரிப்போர்ட் வராது" என்றேன்.

உடனே நம்பிவிட்டார்.