வீட்டை நானே காட்டினேன்

செவ்வாய்க்கிழமை. ஐப்பசி பிறந்துவிட்டது, இன்னும் மழை இல்லை.

காலையில் ஹவுஸ் ஓனர் அம்மா வந்தார். "ஹார்பர் வேலைக்கு வந்துகீற கொரியாக்காரரு ஒருத்தரு வூட்ட பாக்க வராரு. நீ குடுக்கிறதுக்கு மூணு பங்கு வாடகை கம்பெனி குடுக்குதாம். நான் வெளிய போறேன், நீ கொஞ்சம் காட்டிடு செல்வி" என்றார். நான் குடியிருக்கும் வீட்டைக் காட்டச் சொல்லி என்னிடமே சொல்கிறார். நானும் தலையாட்டினேன்.

அதோடு விட்டேனா? தரையைத் துடைத்தேன். துணிக்கொடியை அவிழ்த்தேன். அந்த மனுஷன் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்ததும் மனசு இளகிவிட்டது. ஜன்னலைத் திறந்து கடல்காற்றைக் காட்டினேன். காபி கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீடு பிடித்துவிட்டது என்று கூட வந்த டிரைவர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன பெருமை அது?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் எல்லாம் சொன்னேன்.

"சமையக்கட்டு ஒழுவுறத சொன்னியா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா ஓடியிருப்பான்டி. இன்னாத்துக்கு சொல்லாம வுட்ட?"

தெரியவில்லை. வந்தவரிடம் நம் வீட்டைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

காலடிப்பேட்டை முழுக்க இப்போது இதே வாடகைதான். எங்கே போவோம் என்று யோசிக்கத்தான் விழித்திருக்கிறேன். ஆனால் நினைப்பெல்லாம், மழை வந்தால் முதலில் கேஸ் அடுப்பு மேல்தான் சொட்டும், அதை நகர்த்தி வைக்கணும் என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வார்கள் என்பதிலேயே நிற்கிறது.