சாயம் பூசிய காயம்

நெருப்பெரிச்சல்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள முகிலன் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி மைதிலி மூவரும் அவரவர் வேலையோடு நன்றாக இருக்கிறோம், அங்கே நீ முழு உடம்போடு இருக்கிறாய் என்று இப்போதுதான் நம்ப ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த பயிற்சி முடியும்வரை போன் கிடையாது என்றாயே, அதனால்தான் பேனாவைப் பிடித்தேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

முதலில் உன்னைத் திட்ட வேண்டும். நெற்றி பிளந்து, தலைக்கட்டெல்லாம் ரத்தமாக ஒரு போட்டோவை, ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டால் பெற்றவள் என்ன ஆவாள்? பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்தேன், டிபன் பாக்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என்னோடு செக்கிங் பார்க்கிற அன்புசெல்விதான் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "அக்கா, அழுவாதீங்க, இது ரத்தமே இல்லீங்க, சாயமுங்க. ரத்தமுன்னா கட்டுத்துணி ஓரமெல்லாம் காஞ்சு கறுத்திருக்குமுங்க" என்றாள். பதினெட்டு வருடமாக வெள்ளைப் பனியனில் ஊசி குத்திய ரத்தக் கறையைக் கண்டுபிடித்துத் தள்ளி வைக்கிறவள் நான், என் மகன் முகத்தில் இருந்தது சாயம் என்று தெரியவில்லை பார். அப்போதும் மனசு ஆறவில்லை, மறுநாள் நீ கூப்பிட்டு, பட்டாளத்தில் நிஜச் சண்டை மாதிரியே நடத்துகிற பயிற்சியில் அடிபட்டவனாக நடிக்கப் பூசிவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் தொண்டையில் தண்ணீர் இறங்கியது.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் ஒரு வாரமாக மனசில் கிடக்கிறது. உன் முறை முடிந்து, அடுத்து அடிபட்டவனாக நடித்துப் புகைக்குள் கிடந்த உன் கூட்டாளி தீனதயாளனை இழுத்து வர, யாரும் உத்தரவு சொல்வதற்கு முன்பே எழுந்து ஓடினாயாம், குண்டு பட்டுவிட்டதென்று சட்டையில் மாட்டிய கருவி கத்தியதாம், நீ செத்துவிட்டாய், ஓரமாகப் போய் உட்கார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்களாம். "எனக்கு இது சரிப்பட்டு வராதும்மா, எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்கே வந்தர்றேன்" என்றாய். ஒளிக்காமல் சொல்கிறேன், கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். அப்பா அன்றைக்கே எங்கள் கம்பெனி ஓனரிடம் பேசி, துணி வெட்டுகிற கட்டிங்கில் உனக்கு ஒரு இடமும் சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன் கண்ணு. கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் கையில் நல்ல துணியையா கொடுக்கிறோம்? வேஸ்ட் துணியைக் கொடுத்து, கோணலாகத் தைத்ததைப் பிரித்து மறுபடி தைக்கச் சொல்கிறோம். நானும் அப்படித் தைத்து, விரலில் ஊசி ஏற்றிக்கொண்டு அழுதவள்தான். நீ பயந்து ஓடியா செத்தாய், கூட்டாளியைத் தூக்கப் போய் அல்லவா செத்தாய். அந்த மனசு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. எப்போது எழுந்து ஓட வேண்டும் என்பதைத்தான் அவர்கள் சொல்லித்தர வேண்டும், அதற்குத்தானே இத்தனை புகையும் சாயமும். கட்டிங்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேற்று நானே ஓனரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு என்மேல் கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடுவார்.

ஈரக் காலுறையோடு படுக்காதே. மாரியாத்தா துணையிருப்பாள், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் சாமி. அடுத்த பயிற்சியிலும் செத்துப்போனால் வெட்கப்படாதே, ஏன் செத்தாய் என்று எனக்கு எழுது. அங்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் செத்துக்கொள், ஊருக்கு மட்டும் உயிரோடு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமளா