பதினோரு படி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பா தேறிவிட்டார் என்று போனில் நான் சொன்னதெல்லாம் பொய். பக்கத்திலேயே படுத்து அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்வேன், அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. வைரஸ் போய்விட்டது, ஆனால் நுரையீரலும் கைகாலும் தானாகத் திரும்பாது, பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். பிசியோதெரபி பெண் வந்து எல்லாம் காட்டிக்கொடுத்தாள். வயிற்றில் கை வைத்து மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும், படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். நாலு மாடி உயரச் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்த மனுஷன், "சின்னப் பிள்ள மாதிரி என்னைக் காலாட்டச் சொல்றியா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன், எதுவும் எடுபடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கித் திரும்பினால் படுக்கை காலி. என் உயிர் என்னிடம் இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. வேலைக்குப் போக முடியுமா என்று பார்க்க, நான் இல்லாத நேரமாகப் பதினோரு படி இறங்கியிருக்கிறார், அதற்கு மேல் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மேல்வீட்டுத் தையல்காரம்மா கடந்து போனபோது செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாராம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து அவர் வயிற்றிலேயே வைத்து, இழுங்க, ஊதுங்க என்றேன். முதல்முறையாக மறுக்காமல் செய்தார். அப்போதுதான் சொன்னார், "ஆழமா இழுத்தா இருமல் வருது, ஆஸ்பத்திரில தண்ணிக்குள்ள அமுக்கின மாதிரி இருந்துச்சே, அதே மாதிரி இருக்கு, பயமா இருக்குடி." முப்பத்தொரு வருஷத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒரு படிக்கு நாலு மூச்சு, படிக்குப் படி உட்கார்ந்து ஓய்வு என்று மேலே வர முக்கால் மணி நேரம் ஆனது.

மூன்று நாள் ஒழுங்காகச் செய்தார், நாலாம் நாள் மறுபடி சுவர். இப்படி விட்டால் இந்த நிலையிலேயே நின்றுவிடும் என்று டாக்டர் கோபப்படுகிறார். எனக்கு இனி வழி தெரியவில்லை அம்மா, நீ சொன்னால் கேட்பார். தினமும் இங்கே காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடு, நீயும் கூடவே செய், புத்தி சொல்லாதே, எண்ணிக்கையை மட்டும் சொல். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிட வேண்டும். அழாதே, நீ அழுதால் தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். நேற்று என்னைக் கூப்பிட்டு கேஸ் சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொள் என்றார், இத்தனை வருஷமும் அவர்தானே மாற்றுவார். "நாளைக்கு யார்கிட்டப் போய் நிப்பே" என்றார். கற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது இருக்க வேண்டும். காலை பத்து மணி, மறந்துவிடாதே.

உன் அம்மா