காப்பு கட்டிய வீட்டில் எண்ணெய்

பூலாம்பாடி
17.05.2025

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். பல வருடமாக இதைப் பொய்யாகவே எழுதி வந்தேன், இந்த முறை உண்மை. பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அதனால்தான் கடிதம். உன் சித்தி மகள் நர்மதா கல்லூரி லீவுக்கு இங்கே வந்திருக்கிறாள். இன்றே பெரம்பலூர் போய்க் கூரியரில் போட்டுவிடுவாள்.

முதலில் அவர் எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஊரில் காப்பு கட்டியாயிற்று. வழக்கம்போல முதல் காப்பு உன் அப்பா கையில்தான். வரும் வெள்ளிக்கிழமை தேர். நீ சோழர் காலத்தை வைத்து வீடியோ கேம் செய்திருப்பது பேப்பரில் வந்ததை விழாக் குழு வேல்முருகன் காட்டினாராம். தேரன்று மேடையில் உனக்குச் சால்வை போடப் போகிறார்களாம். "ஒம்பது வருஷமா வூட்டுப் பக்கம் வராதவ, இதுக்காச்சும் வரட்டும்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இனி நான் சொல்வது.

உன் கேமை நான் ஆடினேன். சிரிக்காதே. நர்மதாதான் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மேய்த்தவள் நான், நாலு அம்புக்குறி பட்டனுக்குப் பயப்படுவேனா என்று உட்கார்ந்தேன். முதல் நாளே பதினான்கு முறை செத்தேன். எட்டு முறை அந்த வெண்காப்புப் படையின் கையில், ஆறு முறை நானே கிணற்றில் விழுந்து. இன்னொன்று, அந்த ஊர்க் களத்தில் மிளகாய் காயப் போட்டிருக்கிறாய். சோழர் காலத்தில் மிளகாய் ஏதடி? உன் வரலாற்று டீச்சர் பார்த்தால் மார்க்கைக் குறைப்பார்.

அந்தப் படை வருகிற இடத்திலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றி முழுக்கச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, கையில் காப்புக் கயிறு கட்டிக்கொண்டு, சாமிக்காக வந்தோம் என்று சொல்லியே வீடு வீடாக நுழைகிறார்கள். காப்பு கட்டிய பிறகு எல்லையைத் தாண்டினவனின் குதிகாலை அறுக்கிறார்கள். அவன் தவழ்ந்து வந்து தண்ணீர் கேட்கிறான், குடத்தை அவன் எதிரிலேயே உடைக்கிறார்கள். கோயில் வாசலில் குறுக்கே போன கிழவரைத் தேர்ச் சக்கரத்தில் கட்டி இழுக்கிறார்கள். வழியெல்லாம் ரத்தம், பின்னாலேயே ஒருவன் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருகிறான். அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுநாள்தான் திரும்பத் திறந்தேன்.

பிறகு அந்த மூன்றாவது தெரு. படைத் தலைவன் ஒவ்வொரு கதவிலும் மூக்கை வைத்து மோந்து பார்க்கிறான். காப்பு நாளில் யார் வீட்டில் எண்ணெய் காய்கிறது, யார் தாளிக்கிறார்கள் என்று தேடுகிறான். ஒரு வீட்டில் ஒருத்தி நெய்யப்பம் சுடுகிறாள். அவன் உள்ளே போகிறான். போனவுடன் அடிக்கவில்லை. முதலில் கையிலிருந்த இரும்பு வளையத்தைக் கழற்றி, நிதானமாக, நிலைக்கதவு ஆணியில் மாட்டுகிறான். இடது தோளைக் கொஞ்சம் இறக்குகிறான். அப்புறம்தான் அடி. அவள் விழுந்த பிறகும் அடி. கடைசியில் அவள் கையைப் பிடித்துக் கொதிக்கிற நெய்யில் அமுக்குகிறான். முடிந்ததும் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, சோறு போடு என்கிறான்.

நெல் குதிருக்குப் பின்னால் கையில் ஓர் அப்பத்தோடு ஒரு பெண் குழந்தை நிற்கிறது. என்ன வாசனை என்று அவன் கேட்டபோது நெய்யப்பம் என்று விரல் நீட்டிச் சொன்னது அதுதான்.

நான் எல்லாப் பட்டனையும் அழுத்தினேன். அடுப்பில் நெய்ச்சட்டி இருக்கிறது, அவள் பக்கத்திலேயே இருக்கிறது, எடுக்க முடியவில்லை. நர்மதா சொன்னாள், "பெரியம்மா, இந்த எடத்துல எதை அமுக்குனாலும் ஒண்ணும் ஆவாது. பாத்துக்கிட்டேதான் இருக்கணும்."

அப்பளத்தை நெய்யப்பம் ஆக்கியிருக்கிறாய், நம் வீட்டு மரபீரோவைக் குதிர் ஆக்கியிருக்கிறாய், உன் அப்பாவின் வாட்சை இரும்பு வளையம் ஆக்கியிருக்கிறாய். நெய்யப்பம் சுட்டவள் அப்புறம் ஒரு காட்சியில் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் என்னுடையவை போலவே மடங்காமல் நிற்கின்றன. இந்தக் கடிதத்தின் கையெழுத்தும் அதனால்தான் கோணல்.

உனக்கு அப்போது ஏழு வயது. பீரோவுக்குப் பின்னாலேயே தூங்கிப்போனாய், அடித்தது எதையும் பார்க்கவில்லை என்று இருபத்தொரு வருடமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். தொட்டால் என் தொடையில் அவர் பெல்ட் வாரின் தழும்பு இன்னும் தட்டுப்படுகிறது, அதைக்கூட மறந்திருப்பேன். நீ நாலு நாள் பேசாமல் இருந்ததை மறக்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது, நீ சொன்னதால்தான் அம்மாவுக்கு அடி விழுந்தது என்று அந்தக் குதிருக்குப் பின்னாலேயே இன்னமும் நின்றுகொண்டிருக்கிறாய்.

அதனால் இதைக் கவனமாகப் படி. அன்று நீ அப்பளம் கேட்கவே இல்லை. எட்டு நாளாக உப்புச்சப்பில்லாத சாப்பாடு, எனக்குத்தான் நாக்கு செத்துப் போயிருந்தது. எனக்காகத்தான் பொரித்தேன், உனக்கு ஒன்று கொடுத்தேன். அவர் தெருமுனையிலேயே வாசனை பிடித்துவிட்டார். உள்ளே வந்து உன்னிடம் கேட்டது சும்மா கேட்டதுதான். நீ வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் வாட்சைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டார். நான் பார்த்தேன், பூங்குழலி. நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. நீ சொல்லாமல் இருந்திருந்தாலும், பொய் சொல்லியிருந்தாலும் என் கை அந்தச் சட்டிக்குள்தான் போயிருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். முதல் காப்பு கட்டியவர் வீட்டில் எண்ணெய் காய்ந்தது என்று ஊருக்குத் தெரிந்தால் கோயிலில் நிற்க முடியுமா? "வெந்நீர் கொட்டிடுச்சுன்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன்.

இப்போது நேற்று முன்தினம், வியாழக்கிழமை நடந்தது. நர்மதா ஆடிக்கொண்டிருந்தாள். மகள் செய்த கேம் என்று பெருமையாக நாற்காலியை இழுத்துப்போட்டு உன் அப்பாவும் உட்கார்ந்தார். மூன்றாவது தெரு வந்தது. தன்னைத்தானே பார்த்து எழுந்து போய்விடுவார், இல்லை லேப்டாப்பைப் போட்டு உடைப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. வளையத்தைக் கழற்றியதைப் பார்த்தார், அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியதைப் பார்த்தார், கை நெய்யில் போனதைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"சரியான ஆளு. ஊருக்கு ஒருத்தன் இப்புடி இருந்தாத்தான் சாமிக்கு மரியாதை. நல்லா எடுத்துருக்கா எம்பொண்ணு" என்றார்.

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த அறை, அந்தத் தோள், அந்த விரல்கள், ஒன்றுமே தெரியவில்லை. இத்தனை வருட அடியில் வராத ஆத்திரம் எனக்கு அப்போது வந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனேன். சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினேன். காய்ந்ததும் அப்பளத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பொரித்தேன். நாலாவதைப் பொரித்து எடுக்கும்போது வந்து வாசற்படியில் நின்றார். வாட்சின் வாரை அவிழ்த்தார்.

நான் சட்டியை இடுக்கியில் பிடித்துத் தூக்கிக்கொண்டேன். "வாட்சைக் கட்டுங்க" என்றேன். அவர் கழற்றி ஜன்னலில் வைத்தார். "கட்டுங்கன்னு சொல்றேன்" என்றேன். தோளை இறக்கிக் கையை ஓங்கினார். சாய்த்துவிட்டேன்.

கை தவறிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பார்த்துத்தான் சாய்த்தேன், முகத்தில் இல்லை, காலில். இரண்டு பாதமும் வெந்து தோல் உரிந்துவிட்டது. தரையில் புரண்டு அவர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அது சந்தோஷமாகவும் இல்லை, பாவமாகவும் இல்லை. நர்மதாதான் ஓடிவந்து தண்ணீரை ஊற்றினாள். பிள்ளை நடுங்கிப்போய்விட்டாள், அவள் எதிரில் இது நடந்ததற்கு மட்டும் வருத்தப்படுகிறேன்.

சத்தம் கேட்டு வேல்முருகனும் இன்னும் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். போலீஸுக்குப் போவார், ஊரைக் கூட்டுவார் என்று சட்டியோடு நின்றிருந்தேன். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த காப்பைப் பார்த்தார்.

"வெந்நீர் கொட்டிடுச்சு" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காலைப் பார்த்துவிட்டு, இது எண்ணெய் மாதிரி இருக்கிறதே என்று இரண்டு முறை கேட்டாள். அப்போதும் வெந்நீர் என்றே சொன்னார். இப்போது கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஊரே வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. ஒவ்வொருவரிடமும் வெந்நீர்க் கதையைச் சொல்கிறார். வாட்ச் கையில் இருக்கிறது, குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. எனக்குப் பயம் விட்டுப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கால் ஆறினால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக நர்மதாவும் நானும் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறோம்.

அதனால் சால்வைக்கு நீ வர வேண்டாம். ஒவ்வொரு வருடமும் வந்துவிடு அம்மா என்று கூப்பிட்டாயே, இந்த முறை நான் வருகிறேன். காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பார்கள். வீட்டில் எண்ணெயே காய்ந்தாயிற்று, எல்லையைத் தாண்டினால் என்ன? செவ்வாய்க்கிழமை பெரம்பலூரிலிருந்து எனக்குப் பஸ் டிக்கெட் போடு. திரும்புகிற டிக்கெட் வேண்டாம்.

கடிதத்தோடு வரும் இந்தப் பெட்டியில் அந்த நாலு அப்பளத்தையும் வைத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் நமுத்து நொறுங்கியிருக்கும், பரவாயில்லை, சாப்பிடு.

உன் கேமில் ஒன்றே ஒன்று மாற்றித் தருவாயா? சட்டியை எடுக்கப் பட்டன் வேண்டாம், அதை நான் பார்த்துக்கொண்டேன். அந்தக் குழந்தைக்கு ஒரு பட்டன் வை. குதிருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அப்பத்தைச் சாப்பிடட்டும். இருபத்தொரு வருடமாக அதன் கையிலேயே இருக்கிறது. அம்மா கூப்பிடுகிறேன் என்று அதனிடம் சொல்.

நீ நூறு வயது நல்லபடி இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா
பஞ்சவர்ணம்