பரிமாணம் என்று சொன்ன பெண்

சனிக்கிழமை, ஜூன் 14

பிறை நகரில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போய் வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை.

ரப்பர்த் தோட்டப்பள்ளி மாணவி ஒருத்தி ‘தமிழின் பரிமாணம்’ என்றாள். பரிணாமத்தைத்தான் தவறாகச் சொல்கிறாள் என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். முதல் பரிசு போயிற்று.

வெளியே வந்து கேட்டாள். “சார், நான் வளர்ச்சிய சொல்லல. தமிழ் எவ்வளவு பெருசுன்னுதான் சொன்னேன்.”

“ரிசல்ட் சொல்லியாச்சு லா, மா” என்று காரில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். இரண்டும் வடசொற்கள். பரிணாமத்துக்கு வேர் வளைதல், பரிமாணத்துக்கு அளத்தல். அவள் சொன்னது சரி. நான் முப்பது வருடத் தமிழாசிரியன்.

அவளுடைய ஆசிரியைக்கு போன் செய்தேன். வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். “நீங்களே அவகிட்ட சொல்லுங்க சார்” என்று அவளிடம் கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

“அப்ப நான் சொன்னது சரிதானே சார்?”

“சரிம்மா.”

பரிசைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.